வரலாற்றில் இன்று: ஒரே தேதியில் நடந்த போர்கள், ஒப்பந்தங்கள், மரணங்களைத் தொகுப்பது எப்படி?

"வரலாற்றில் இன்று" என்று ஒரு பட்டியல் போடுவது சுலபமான வேலையாகத்தான் தெரியும். தேதியைத் தேடி, கிடைத்ததை ஆண்டுவாரியாக அடுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு தேதிக்குக் கீழே ஒரு நிகழ்வை எழுதும்போது, இது இந்த நாளில்தான் நடந்தது என்று வாசகருக்கு உறுதி சொல்கிறோம். எந்த நாட்காட்டிப்படி இந்த நாள்? போர் அன்று தொடங்கியதா, முடிந்ததா? ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த நாளா, அது அமலுக்கு வந்த நாளா? இதையெல்லாம் கேட்காமல் போட்ட பட்டியலில் வேறு நாளைச் சேர்ந்த வரிகள் தாராளமாக நுழைந்துவிடும்.

இந்த வழிகாட்டி முழுவதும் அக்டோபர் 24 என்ற ஒரே தேதியை எடுத்துக்கொள்கிறேன். பெரிய போர்களும் பெரிய ஒப்பந்தங்களும் முக்கியமான மரணங்களும் அந்த நாளில் இருக்கின்றன. ஒரு தொகுப்பாளரைச் சறுக்க வைக்கும் பொறிகளும் ஏறக்குறைய எல்லாமே அங்கே உண்டு.

படி 1: எதைச் சேர்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

போர், ஒப்பந்தம், மரணம் என்று மூன்று வகை என்றால் மூன்றோடு நிறுத்துங்கள். 1929 அக்டோபர் 24-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது, 'கறுப்பு வியாழன்'. 2003-இல் அதே தேதியில் கான்கார்ட் விமானம் பயணிகளோடு கடைசியாகப் பறந்தது. இரண்டும் சுவையான செய்திகள்தான். ஆனால் இவற்றை உள்ளே விட்டால் அடுத்து பிறந்தநாள்கள் வரும், அப்புறம் கண்டுபிடிப்புகள் வரும், பட்டியல் குப்பையாகிவிடும்.

ஒரு தாளிலோ விரிதாளிலோ இந்தப் பத்திகளைப் போட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டு, இடம், வகை, நாட்காட்டி, 'அன்று துல்லியமாக நடந்தது என்ன', சந்தேகம். ஐந்தாவது பத்திதான் உயிர். அதை ஒரே வாக்கியத்தில் நிரப்ப முடியாத நிகழ்வு இன்னும் பட்டியலுக்குத் தயாராகவில்லை.

படி 2: முதல் சுற்றில் வடிகட்டாமல் சேருங்கள்

கலைக்களஞ்சியங்கள், போர்களின் அகராதிகள், வாழ்க்கை வரலாறுகள், ஒப்பந்தங்களின் மூலப் பிரதிகள் என்று எல்லாவற்றிலும் தேடலாம். ஒப்பந்தங்களில் கடைசிப் பத்தியை மட்டும் படித்தாலே போதும். இடமும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அக்டோபர் 24-க்கு முதல் சுற்றில் கிடைப்பவை இவை. 1260-இல் எகிப்தின் சுல்தான் குதுஸ் கொலை. 1360-இல் காலே நகரில் இங்கிலாந்து–பிரான்ஸ் ஒப்பந்தம். 1537-இல் எட்டாம் ஹென்றியின் மனைவி ஜேன் சீமோர் மரணம். 1601-இல் வானியலாளர் டைக்கோ பிராகி மரணம். 1648-இல் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்பாலியா அமைதி. 1795-இல் அண்டை நாடுகள் போலந்தைப் பிரித்துக்கொண்ட மூன்றாம் பங்கீடு. 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது. 1812-இல் மலோயரோஸ்லாவெட்ஸ் போர். 1813-இல் ரஷ்யா–பாரசீகம் இடையே குலிஸ்தான் ஒப்பந்தம். 1917-இல் இத்தாலியில் கபோரெட்டோ போர். 1918-இல் அங்கேயே விட்டோரியோ வெனெட்டோ போர். 1944-இல் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே வளைகுடாக் கடற்போர். 1945-இல் ஐ.நா. சாசனம் அமலுக்கு வந்தது. அதே நாளில் நார்வேயின் துரோகி குவிஸ்லிங்குக்கு மரண தண்டனை நிறைவேறியது. 2005-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் மரணம்.

பார்க்க அழகான பட்டியல். ஆனால் இதை அப்படியே வெளியிட்டுவிடக் கூடாது.

படி 3: ஒவ்வொரு வரியிலும் நாட்காட்டியைக் கேளுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தினார். அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற நாடுகள் உடனே ஏற்றன. பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் முறையிலேயே இருந்தது. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா மாறியது 1918-இல்: ஜனவரி 31-க்கு அடுத்தது பிப்ரவரி 14.

இரண்டு முறைகளுக்கும் இடையிலான வித்தியாசம் எப்போதும் ஒன்றல்ல. 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள், அதிலிருந்து 1800 பிப்ரவரி வரை 11, பிறகு 1900 பிப்ரவரி வரை 12. அதற்குப் பிறகு இன்றுவரை 13. இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது நம் பட்டியலுக்கு வருவோம். நெப்போலியனின் படை மாஸ்கோவை விட்டு வெளியேறியது 1812 அக்டோபர் 19. ஐந்து நாள் கழித்து மலோயரோஸ்லாவெட்ஸில் ரஷ்யர்கள் வழிமறித்தார்கள். பிரெஞ்சு நூல்களில் தேதி அக்டோபர் 24, ரஷ்ய நூல்களில் அக்டோபர் 12. பன்னிரண்டோடு பன்னிரண்டைக் கூட்டினால் இருபத்து நான்கு, கணக்கு சரி. மறு ஆண்டு குலிஸ்தானுக்கும் அதே கதைதான்: ரஷ்யத் தேதி அக்டோபர் 12, புதிய முறையில் 24. ஆக, ரஷ்யாவின் அந்தப் போரும் அந்த ஒப்பந்தமும் எந்த நாட்காட்டியில் பார்த்தாலும் ஒரே தேதியில்தான் விழுகின்றன. நம்பி எழுதலாம்.

வெஸ்ட்பாலியாவில் கத்தோலிக்கர்கள் புதிய முறையையும் புராட்டஸ்டண்டுகள் பழைய முறையையும் பின்பற்றியவர்கள். அதனால் ஸ்வீடனோடு செய்த ஒப்பந்தத்தில் அக்டோபர் 14/24 என்று இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். இப்படி இரட்டைத் தேதியைப் பார்த்தால் தொகுப்பாளருக்குக் கொண்டாட்டம். சண்டை போட்டவர்களே நம் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஆபத்தான ஆண்டு 1917. இத்தாலியில் கபோரெட்டோ தாக்குதல் தொடங்கியது அக்டோபர் 24. பெட்ரோகிராடில் போல்ஷெவிக் எழுச்சி தொடங்கியதும் அக்டோபர் 24 என்று பழைய ரஷ்ய நூல்கள் சொல்லும். இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டு 'என்ன ஒரு நாள்!' என்று வியக்கத் தோன்றும். ஆனால் ரஷ்யத் தேதி பழைய முறை. புதிய முறையில் அது நவம்பர் 6. இடையில் 13 நாள் இருக்கிறது.

இதைப் பிடிக்க எளிய வழி கிழமை. கபோரெட்டோ தொடங்கியது புதன்கிழமை. ரஷ்ய நாட்காட்டியின் அக்டோபர் 24 செவ்வாய்க்கிழமை. ஒரே தேதிக்கு இரு கிழமைகள் வந்தால் அவை ஒரே நாளாக இருக்க முடியாது. மூலத்தில் கிழமை கிடைத்தால் விடாதீர்கள், எண்ணைத் தவறாக எழுதியவர்கூடக் கிழமையைச் சரியாக எழுதியிருப்பார்.

1582-க்கு முந்தைய தேதிகளை மாற்றாதீர்கள். குதுஸ், காலே, ஜேன் சீமோர் மூன்றும் ஜூலியன் தேதிகள். வரலாற்றாசிரியர்கள் அவற்றை அப்படியேதான் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் திருத்தினால் வேறு யாருடைய நூலோடும் உங்கள் பக்கம் ஒத்துப்போகாது. 1582-க்கும் 1752-க்கும் இடைப்பட்ட ஆங்கிலேய நிகழ்வுகளிலும் இங்கிலாந்துத் தேதியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் 'பழைய முறை' என்று குறித்துவிடுவது நல்லது. அங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25-இல். முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, அன்றைய ஆவணங்களில் 1648. நமக்கு அது 1649.

இஸ்லாமிய மூலங்களில் நாள் தொடங்குவது சூரிய அஸ்தமனத்தில். பிறை பார்த்து மாதம் தொடங்குவதாலும் மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆகலாம். கல்வெட்டுக் காலத்துப் போர்கள் பலவற்றுக்கு ஆண்டு மட்டுமே தெரியும். சோழர்களும் ராஷ்டிரகூடர்களும் மோதிய தக்கோலப் போர் 949. அதற்கு மேல் ஒரு தேதியை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள்.

படி 4: போர் என்றால் அன்று நடந்தது எது?

ஒரே நாளில் தொடங்கி அன்றே முடிந்த போருக்குப் பிரச்சினை இல்லை. மலோயரோஸ்லாவெட்ஸ் அப்படிப்பட்டது. அந்தச் சிறு நகரம் ஒரே நாளில் பல முறை கைமாறியது. நெப்போலியன் பக்கம் முக்கியமாகப் போரிட்டவர்கள் அவரது வளர்ப்பு மகன் யூஜினின் கீழ் இருந்த இத்தாலியப் படையினர். இரவில் நகரம் அவர்கள் கையில் இருந்தது, ஆனால் தெற்கே போகும் பாதையை ரஷ்யத் தளபதி குட்டுஸோவ் அடைத்து நின்றார். கடைசியில் நெப்போலியன் தான் வந்து பாழாக்கிய ஸ்மொலென்ஸ்க் பாதைக்கே திரும்பினார். அந்தப் பாதையில் உணவும் கிடையாது, தீவனமும் கிடையாது. நகரத்தைப் பிடித்தவர்தான் போரில் தோற்றார் என்று சொல்லலாம். இந்த நாள் ஏன் நினைவில் நிற்கிறது என்று விளக்க ஒரு வரி சேர்க்கத் தகுந்த நிகழ்வு இதுதான்.

கபோரெட்டோ நவம்பர் 19 வரை நீண்டது. அக்டோபர் 24 அதன் முதல் நாள். அன்று அதிகாலை 2 மணிக்கு ஜெர்மானிய, ஆஸ்திரிய பீரங்கிகள் விஷவாயுக் குண்டுகளோடு தொடங்கின. பின்னால் நடந்ததெல்லாம், அதாவது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் சிறைப்பட்டதும் படை பியாவே ஆறுவரை பின்வாங்கியதும், அடுத்த வாரங்களின் கதை. ஆகவே "கபோரெட்டோ போர் தொடங்கியது" என்று எழுதுங்கள். "கபோரெட்டோ போர்" என்று மட்டும் எழுதினால் அது ஒரே நாளில் முடிந்ததாக வாசகர் எடுத்துக்கொள்வார்.

லெய்ட்டே வளைகுடாப் போர் 1944 அக்டோபர் 23 முதல் 26 வரை, பல கடற்போர்கள் சேர்ந்தது. அதில் 24-க்குச் சொந்தமானது சிபுயான் கடல் சண்டை. அன்று அமெரிக்க விமானங்கள் ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல் முசாஷியை மூழ்கடித்தன. சுரிகாவோ நீரிணை, சமார், எங்கானோ முனை ஆகியவை 25-ஆம் தேதிக்கு. பெரிய போரை இப்படித் துண்டு போட்டு, உங்கள் தேதிக்குரிய துண்டை மட்டும் எடுங்கள்.

முற்றுகைகளுக்கும் இதே விதிதான். முற்றுகை தொடங்கிய நாள், கோட்டை விழுந்த நாள் என்று இரண்டு பதிவுகள் வரலாம். நடுவில் உள்ள நாள்களில் எதுவும் குறிப்பாக நடக்கவில்லை என்றால் அவற்றுக்குப் பதிவு வேண்டாம்.

படி 5: ஒப்பந்தத்துக்கு எத்தனை பிறந்தநாள்?

பேசி முடித்த நாள், கையெழுத்திட்ட நாள், அரசுகள் ஒப்புதல் அளித்த நாள், அமலுக்கு வந்த நாள் என்று ஒரு ஒப்பந்தத்துக்கு நான்கு தேதிகள் இருக்கலாம். அக்டோபர் 24-இல் இந்த வகைகள் கலந்து கிடக்கின்றன.

1360-இல் முதலில் உடன்பாடு எட்டியது பிரெத்தினி கிராமத்தில், மே 8 அன்று. இங்கிலாந்தின் கையில் கைதியாக இருந்த பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானுக்கு 30 லட்சம் பொற்காசு மீட்புத்தொகை என்று பேசினார்கள். அக்டோபர் 24-இல் காலேயில் நடந்தது அதை உறுதிசெய்யும் சடங்கு. ஆனால் வெறும் சடங்கு அல்ல. ஒருவர் மற்றவர் நிலத்தின் மீதான உரிமையைக் கைவிடும் பிரிவுகளை எடுத்துத் தனி ஆவணத்தில் வைத்துவிட்டார்கள். அந்தக் கைவிடல்கள் கடைசிவரை முறைப்படி நிறைவேறவில்லை, 1369-இல் போர் மறுபடி மூண்டது. மே மாதப் பக்கத்தில் பிரெத்தினி, அக்டோபர் பக்கத்தில் காலே என்று இரண்டும் வரலாம். ஆனால் "பிரெத்தினி ஒப்பந்தம் கையெழுத்தானது" என்று அக்டோபர் 24-இல் எழுதினால் தவறு.

வெஸ்ட்பாலியாவில் 24 கையெழுத்து நாள்தான். ஒப்பந்தங்கள் இரண்டு, பேச்சு நடந்த நகரங்களும் இரண்டு: முன்ஸ்டர், ஓஸ்னாபுரூக். கையெழுத்து இரண்டுக்கும் முன்ஸ்டரில். 1618-இல் பிராகில் தொடங்கிய முப்பதாண்டுப் போர் இதோடு முடிந்தது என்று நூல்கள் சொல்லும். ஆனால் அதே பிராகில் ஸ்வீடன் படையின் முற்றுகை நவம்பர் தொடக்கம்வரை ஓயவில்லை. செய்தி குதிரை மேல் வர வேண்டியிருந்தது. எனவே "போரை முடித்த ஒப்பந்தம் கையெழுத்தானது" என்று எழுதலாம், "போர் நின்றது" என்று எழுதக் கூடாது. ஸ்பெயினும் டச்சுக்காரர்களும் அதே முன்ஸ்டரில் 1648 ஜனவரி 30-இல் செய்துகொண்ட அமைதி தனி விஷயம். அதை இதோடு சேர்த்துக் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இதன் கொடூரமான உதாரணம் வேறு தேதியில் இருக்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1814 டிசம்பர் 24-இல் அமைதி ஒப்பந்தம் செய்தன. செய்தி அட்லாண்டிக்கைக் கடக்கும் முன்பே, 1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸ் போரில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள்.

போலந்தின் மூன்றாம் பங்கீட்டில் 24 நடுவில் நிற்கும் தேதி. ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் 1795 ஜனவரியிலேயே ரகசியமாகப் பேசிவிட்டன. பிரஷ்யாவையும் சேர்த்து முடிவானது அக்டோபர் 24. மன்னர் ஸ்தனிஸ்வாவ் முடிதுறந்தது நவம்பர் 25. மிச்சசொச்ச விவரங்களுக்கு 1797 ஜனவரியில் இன்னொரு உடன்படிக்கை. இந்த நான்கில் எதை எடுத்தாலும் அது எந்தக் கட்டம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐ.நா. சாசனம் 1945 ஜூன் 26-இல் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தானது. அக்டோபர் 24-இல் அது அமலுக்கு வந்தது. ஐந்து வல்லரசுகளும், கையெழுத்திட்ட மற்ற நாடுகளில் பெரும்பான்மையும் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அன்றுதான் நிறைவேறியது. இந்தியா தொடக்க உறுப்பினர்தான், ஆனால் அதன் சேர்க்கைத் தேதி அக்டோபர் 30. 'அன்று எல்லா நாடுகளும் கூடிக் கையெழுத்திட்டன' என்று யாராவது எழுதியிருந்தால் உடனே அடித்துவிடுங்கள்.

படி 6: மரணங்கள்

மரணத்துக்கு ஒரே தேதிதான் இருக்க வேண்டும், ஆனால் ஆவணம் அப்படி இருக்காது. இறந்த நாளுக்குப் பதில் அடக்கம் செய்த நாள் பதிவாகியிருக்கும். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸ் இறந்ததாகச் சொல்லப்படும் 1616 ஏப்ரல் 23 உண்மையில் அடக்க நாள் என்றும் அவர் முந்தின நாளே இறந்துவிட்டார் என்றும் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். ஷேக்ஸ்பியரும் அதே தேதியில் இறந்தார், ஆனால் அது ஆங்கிலேயப் பழைய முறை. புதிய முறையில் மே 3. இருவரும் ஒரே நாளில் போனார்கள் என்ற அழகான வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

காரணத்தை எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். டைக்கோ பிராகி 1601 அக்டோபர் 13 அன்று பிராகில் ஒரு விருந்துக்குப் போனார். சிறுநீர் முட்டியும் நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று உட்கார்ந்தே இருந்தார். வீடு திரும்பியபின் சிறுநீர் இறங்கவில்லை. பதினோராம் நாள் இறந்தார். பிற்காலத்தில் பாதரசம் கொடுத்துக் கொன்றார்கள் என்று ஒரு கதை கிளம்பியது, அவரது உதவியாளர் கெப்ளர் மீதுகூடப் பழி விழுந்தது. 2010-இல் கல்லறையைத் திறந்து எச்சங்களைச் சோதித்தார்கள். கொல்லும் அளவுக்குப் பாதரசம் இல்லை என்று தெரிந்தது. 'விஷம் வைத்துக் கொல்லப்பட்டார்' என்று போட்டிருக்கும் பட்டியல்கள் அதற்கு முந்தைய கதையிலேயே நிற்கின்றன.

ஜேன் சீமோருக்கு ஒரு வரி போதும்: மகன் எட்வர்டைப் பெற்ற பன்னிரண்டாம் நாள் இறந்தார். குதுஸுக்குச் சூழலும் வேண்டும். 1260 செப்டம்பர் 3-இல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியர்களைத் தோற்கடித்தவர், கெய்ரோ திரும்பும் வழியில் தன் தளபதிகளாலேயே கொல்லப்பட்டார். சதியில் இருந்த பைபார்ஸ் அடுத்த சுல்தான் ஆனார்.

மருது சகோதரர்களின் பதிவில் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று இடம்: கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூர் சிவகங்கைப் பக்கத்து ஊர், வடக்கே இன்று மாவட்டத் தலைநகராக இருக்கும் திருப்பத்தூர் அல்ல. இன்னொன்று, நினைவு நாளும் நிகழ்ந்த நாளும் ஒன்றல்ல. காளையார்கோவில் குருபூஜை அக்டோபர் 27-இல் நடக்கிறது, அதை வைத்து மரணத் தேதியை 27 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 7: கடிகாரம்

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தபின் நாட்காட்டித் தொல்லை குறையும், நேர மண்டலத் தொல்லை தொடங்கும். பேர்ல் ஹார்பர் தாக்குதல் ஹவாயில் டிசம்பர் 7, ஜப்பானில் டிசம்பர் 8. சமார் சண்டை தொடங்கிய அக்டோபர் 25 காலை வாஷிங்டனில் இன்னும் 24 மாலைதான். விதி எளிது: சம்பவம் நடந்த இடத்தின் தேதியே தேதி.

படி 8: தற்செயலைத் தற்செயல் என்றே எழுதுங்கள்

ஒரே தேதி என்பதால் இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பு இருப்பதுபோல எழுதுவது இந்த வகை எழுத்தின் தீராத வியாதி. குவிஸ்லிங் ஓஸ்லோவில் சுடப்பட்ட அதே நாளில் ஐ.நா. சாசனம் அமலுக்கு வந்தது. பக்கத்தில் பக்கத்தில் போடலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சில சமயம் தேதிக்கு உண்மையிலேயே பொருள் உண்டு. கபோரெட்டோவுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1918 அக்டோபர் 24 அன்று இத்தாலி விட்டோரியோ வெனெட்டோ தாக்குதலைத் தொடங்கியது. அந்த நாள் எதை நினைவூட்டுகிறது என்று படையில் இருந்த எவருக்கும் விளக்கத் தேவையிருந்திருக்காது.

இன்னும் வலுவான உதாரணம் ஜூன் 28. செர்பியர்களும் ஓட்டோமான்களும் மோதிய கொசோவோ போர் நடந்தது 1389 ஜூன் 15, ஜூலியன் முறை. அந்தக் காலத்து வித்தியாசம் 8 நாள்தான், கணக்குப்படி ஜூன் 23 வர வேண்டும். ஆனால் செர்பியத் திருச்சபை இன்றும் ஜூலியன் முறையில் நடப்பதால், இருபதாம் நூற்றாண்டின் 13 நாள் வித்தியாசத்தில் அந்த நாள் ஜூன் 28-இல் வந்து நிற்கிறது. 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கொல்லப்பட்டதும், 1919-இல் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானதும், போரின் 600-ஆம் ஆண்டு என்று 1989-இல் செர்பியத் தலைவர் மிலோஷெவிச் கொசோவோவின் காசிமெஸ்தானில் பேசியதும் அந்த ஜூன் 28-இல்தான். கடைசியாகச் சொன்னது நாள் பார்த்துச் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை.

படி 9: வரியை எழுதுங்கள்

ஒவ்வொரு பதிவிலும் ஆண்டு, இடம், வினைச்சொல், விளைவு நான்கும் இருக்க வேண்டும். வினைச்சொல்லில் சோம்பேறித்தனம் வேண்டாம்: தொடங்கியது, முடிந்தது, கையெழுத்தானது, அமலுக்கு வந்தது என்று கறாராக எழுதுங்கள்.

தேறாத வடிவம்: "1813 – குலிஸ்தான் ஒப்பந்தம்."

தேறிய வடிவம்: "1813 – ரஷ்யாவும் பாரசீகமும் குலிஸ்தானில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன (பழைய முறையில் அக்டோபர் 12). ஜார்ஜியா, தாகெஸ்தான், இன்றைய அஜர்பைஜானின் பெரும்பகுதி ஆகியவற்றைப் பாரசீகம் இழந்தது."

எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே நீளம் வைக்காதீர்கள். மலோயரோஸ்லாவெட்ஸுக்கு நான்கு வரி, ரோசா பார்க்ஸுக்கு ஒன்றரை வரி என்று போகட்டும். பிந்தையவரை எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, 23, 25 ஆகிய பக்கங்களையும் கூடவே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பால்கன் போரின் குமனோவோ சண்டை 1912 அக்டோபர் 23, 24 என்று இரண்டு நாள் நடந்தது, லெய்ட்டே நான்கு பக்கங்களில் சிதறும். முழு விவரத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றப் பக்கங்களில் அன்றைய துண்டை ஒரு வரியில் சொல்லி 'விவரம் 24-இல்' என்று கைகாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கத்தில் தவறைத் திருத்துவீர்கள், மற்ற மூன்றில் அது அப்படியே கிடக்கும்.